பேசாத பிள்ளைக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. சட்டை போடுவது, பல் துலக்குவது எல்லாமே நான்தான் செய்துவிட வேண்டியிருக்கிறது; வற்புறுத்தினால் அலறுகிறான். பட அட்டைகளைப் பழக்கலாம் என்கிறார் பயிற்சியாளர். அட்டைக்குப் பழகினால் பேச்சே வராது என்று என் மாமியார் அஞ்சுகிறார். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் மாமியாரின் அச்சம் பல வீடுகளில் உள்ளதுதான், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. படம், சைகை, செயலி ஆகியவற்றின் வழியே பழகிய குழந்தைகளுக்குப் பேச்சு தடைபடுவதில்லை என்றும், சிலருக்கு ஓரளவு கூடவும் செய்கிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே சட்டைக்கும் பல் துலக்கலுக்கும் முன்னால், தனக்கு வேண்டியதைக் கேட்க உங்கள் மகனுக்கு ஒரு வழியைக் கொடுங்கள். அலறுவதைத் தவிர வேறு வழி தெரியாத குழந்தையிடம் அலறலை மட்டும் நிறுத்தச் சொல்வது நியாயமாகாது.

1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கிய ‘பெக்ஸ்’ என்னும் படப் பரிமாற்ற முறை இதற்குப் பொருத்தமானது. தொடக்கத்தில் பெரியவர்கள் இருவர் தேவை. ஒருவர் குழந்தைக்குப் பிடித்த பிஸ்கட்டுடன் எதிரே அமர்கிறார்; மற்றவர் பின்னால் இருந்து, அதை எடுக்க நீளும் கையைப் பேசாமல் அட்டையின் பக்கம் திருப்பி, எதிரே இருப்பவரின் உள்ளங்கையில் கொடுக்கச் செய்கிறார். அட்டை கைக்கு வந்த கணமே ‘பிஸ்கட்’ என்று சொல்லி, அதை அவனிடம் கொடுத்துவிட வேண்டும். ‘என்ன வேண்டும்?’ என்று முந்திக்கொண்டு கேட்கக் கூடாது. அப்படிச் செய்தால், பிறர் கேள்வி கேட்டபின்தான் தனக்கு வேண்டியதைக் கேட்கலாம் என்று அவன் பழகிவிடுவான். எதிரே அமரும் பொறுப்பை மாமியாருக்கும் அவ்வப்போது கொடுங்கள், ஏனெனில் பலரிடமும் கேட்கப் பழகுவது இந்த முறையின் முக்கியமான பகுதி. பிறகு, படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லைக் குரலில் சொல்லும், சென்னையில் உருவான, தமிழிலும் இயங்கும் ‘ஆவாஸ்’ போன்ற செயலிக்கு மாறலாம்.

சட்டையைக் கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள். பொத்தான் இல்லாத டி-ஷர்ட்டை நீங்களே தலைவழியே மாட்டி, கைகளை நுழைத்து, மார்புவரை இறக்கிவிடுங்கள். இடுப்புவரை இழுத்துவிடுவது மட்டும் அவன் வேலை. அது கைவந்தபின் ஒரு கையை நுழைப்பதையும் அவனிடம் விடுங்கள். இவ்வாறு பின்னிருந்து முன்னே வந்தால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். உதவும்போது பின்னால் நின்று, சொற்களைக் குறைத்து, மணிக்கட்டைப் பிடிப்பதிலிருந்து முழங்கையைத் தொடுவதற்கும், அதிலிருந்து சைகைக்கும் படிப்படியாக உதவியைக் குறைத்து வாருங்கள். கையைப் பிடிப்பதே அவனுக்குப் பிடிக்கவில்லையென்றால் பிடிக்க வேண்டாம்; செய்து காட்டுங்கள்.

பல் துலக்கும்போது அவன் அலறுவது பிடிவாதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பற்பசையின் காரமோ, பிரஷ் உரசுவதோ, சொத்தைப் பல்லின் வலியோ காரணமாகலாம். பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பசையில்லாமல் மென்மையான பிரஷ்ஷால் தொடங்குங்கள்.

பேசாதவன் என்பதால் புரியாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். அவன் எதிரில் அவனைத் தாழ்த்திப் பேச யாரையும் அனுமதிக்காதீர்கள். ஆட்டிசத்தை முற்றிலும் குணப்படுத்துவதாகச் சொல்லும் மருந்துகளுக்குப் பணம் செலவிட வேண்டாம். செவித்திறன் பரிசோதனை இன்னும் ஆகவில்லையென்றால் அதை உடனே செய்துவிடுங்கள். அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சி உள்ளிட்ட உதவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.