நுனிப்புல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

மூன்று நான்கு மாதமாக என் போனில் ஓடும் பாட்டுகளுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. காலையில் கர்நாடக சங்கீதம், பஸ்ஸில் பழைய ராஜா பாட்டு, ராத்திரியில் அலி ஃபர்கா டூரே என்ற மாலி நாட்டுக் கிடார்க்காரர். எதையும் முறையாகக் கற்றவன் இல்லை நான். ‘நீ நுனிப்புல் மேயுற’ என்றான் நண்பன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் இப்போது என்ன கேட்கிறீர்கள்?

ர., திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

டூரே பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டது. நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்ற ஊர் அவருடையது, உலகமெல்லாம் வாசித்துவிட்டு வயலுக்குத் திரும்பிய மனிதர். 2004இல் அந்த ஊருக்கே மேயரானார், 2006இல் இறந்துபோனார். அமெரிக்கக் கிடார்க்காரர் ரை கூடருடன் சேர்ந்து 1994இல் அவர் வெளியிட்ட ‘டாக்கிங் டிம்பக்டு’ தொகுப்புதான் எனக்கும் முதல். அந்தக் கிடாரோடு கூடவே நீங்களும் வாய்க்குள் முனகிப் பாருங்கள், பெரும்பாலும் ஐந்து சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார். ஸ க ம ப நி. நம்ம சுத்த தன்யாசி ராகம்! மேற்கில் மைனர் பென்டடானிக் என்பார்கள், அமெரிக்க ப்ளூஸ் இசைக்கும் அடித்தளம் அதுதான்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் அவர் வாசித்து முடித்த கையோடு என் வாய் தானாக ‘மாஞ்சோலைக் கிளிதானோ’ என்று ஆரம்பித்தது. ‘கிழக்கே போகும் ரயில்’, 1978, ஜெயச்சந்திரன் பாடியது. இது ஏன் இப்போது வருகிறது என்று புரியாமல், பையனுடைய சின்ன கீபோர்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் விரல் அதே இடங்களில்தான் போய் நின்றது. அப்புறம் அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. சுரம் ஒன்றுதான், நடைதான் வேறு. நம் பாடகர்கள் அந்தக் காந்தாரத்தை, அதாவது ‘க’வை, அசைத்து அசைத்துப் பாடுவார்கள், டூரேயின் கிடாரில் அது நறுக்கென்று விழும், விழுந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப விழும், ஏற்றம் இறைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. காலையில் கர்நாடகம், ராத்திரியில் மாலி என்று நீங்கள் இருப்பதால்தானே இது உங்கள் காதிலும் ஒருநாள் விழப்போகிறது? நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு பாட்டை ஒரே தடவை கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவதை நுனிப்புல் என்றால் ஒத்துக்கொள்வேன். நீங்கள் மூன்று நான்கு மாதமாக அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, நான் கேட்பது. இந்த மாதம் முழுக்க செசாரியா எவோரா. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் கிடக்கும் கேப் வெர்டே தீவுகளைச் சேர்ந்தவர், மேடையில் செருப்பில்லாமல் நின்று பாடியவர், ஐம்பது வயதை ஒட்டித்தான் வெளியுலகம் அவரைக் கண்டுகொண்டது. 1992இல் வந்த ‘மிஸ் பெர்ஃபுமாடோ’ தொகுப்பில் ‘சொடாட்’ என்று ஒரு பாட்டு. சொடாட் என்றால் ஏக்கம், பிரிவு, ஊர் நினைப்பு, மூன்றும் கலந்தது. அடுக்களையில் அதைப் போட்டுவிட்டு நான் வேலையாக இருந்தேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, “யாரு ஊரை விட்டுப் போயிட்டாங்கன்னு இந்தப் பொம்பள பாடுறா?” என்று கேட்டார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தத் தீவுகளின் கிரியோலு மொழியில் ஒரு வார்த்தை அம்மாவுக்குத் தெரியாது. போர்த்துகீசியர் ஆட்சியில் அந்தத் தீவுகளிலிருந்து சாவ் தோமே தீவின் கொக்கோ தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றிய பாட்டு அது. இந்தத் தூர வழியை உனக்குக் காட்டியது யார் என்று கேட்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா, “நம்மாளுங்க கண்டிக்குப் போன மாதிரி” என்றார். எனக்கு இலங்கை மலையகத்துத் தோட்டப் பாட்டுகள் ஞாபகம் வந்தன, ஒரே ஒரு காப்பிப் பழம் தவறியதற்குச் சின்னத்துரை உதைத்தான் என்று சொல்கிற அந்தப் பாட்டு குறிப்பாக. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மற்றபடி ரீதிகௌளை ராகம் என்னை விட்டபாடில்லை. ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’, ‘அழகான ராட்சசியே’, ‘கண்கள் இரண்டால்’ மூன்றும் உங்கள் பஸ் பட்டியலில் எப்படியும் இருக்கும். அவற்றோடு சுப்பராய சாஸ்திரியின் ‘ஜனனி நின்னுவினா’ என்ற கர்நாடக உருப்படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராகத்தின் பெயரையெல்லாம் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஸ க ரி க ம என்று ஒரு படி ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறும் அந்த நடை எங்கே எங்கே வருகிறது என்று மட்டும் காது கொடுங்கள். இந்த நாலையும் பஸ்ஸில் வேண்டாம், ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். டூரேக்கு ஒருநாள் லீவு கொடுத்தால் போச்சு.

கேட்டுவிட்டு எழுதுங்கள். உங்கள் காலைப் பட்டியலில் யார் யார் என்று நீங்கள் சொல்லவே இல்லை, அதையும்.

அன்புடன்,
அக்கா