மூலிகையில் குடற்புழு மருந்து: மகள் கேட்கும் படிப்புக்கு வழி இருக்கிறதா?

வணக்கம் அய்யா.

"ஆட்டுக்கு ஆயா அரைத்துக் கொடுத்த குப்பைமேனியை ஆராயப் போகிறேன் என்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா?" என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைதான். ஆனால் பிளஸ் டூ முடித்த கையோடு சேர்வதற்கு 'மூலிகைக் குடற்புழு மருந்து' என்ற பெயரில் பட்டப்படிப்பு எதுவும் இல்லை. தனியாகச் சோறு போடக்கூடிய ஒரு படிப்பை முதலில் முடித்துவிட்டு, அதன் வழியாகத்தான் இந்த ஆராய்ச்சிக்குள் போக வேண்டும்.

புதுக் குடற்புழு மருந்துக்குத் தேவை இருப்பது உண்மை. ஆடு வளர்ப்பவர் நீங்கள், கண்ணிமை வெளிறி, தாடைக்குக் கீழே நீர் கோத்து நிற்கும் ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஹீமாங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் புழுவின் வேலை அது. ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அல்பென்டசோல் போன்ற குடற்புழு மருந்துகளுக்கு இந்தப் புழு அசைந்துகொடுக்காத மந்தைகள் உலகம் முழுக்க இருக்கின்றன, தமிழ்நாட்டிலும் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் குப்பைமேனி, வேம்பு, சித்த மருத்துவத்தின் முருக்கன் விதை பக்கம் எல்லாம் பார்வை திரும்பியிருக்கிறது.

மகளின் மனதில் இருப்பது பச்சிலை. ஆய்வகத்தில் அவள் கையில் இருக்கப்போவது சாணமும் குடலும். ஆடு வெட்டும் ஆட்டுத்தொட்டிக்கு விடிகாலையில் போய், வெட்டிய ஆட்டின் நான்காம் இரைப்பையைத் திறந்து, சிவப்பும் வெள்ளையும் கயிறு திரித்தது போல இருக்கும் பெண் புழுக்களைப் பொறுக்கி, வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு எடுத்து வர வேண்டும். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து மெத்தனாலில் ஊறவைத்து, வடித்துச் சுண்டவைத்தால் தார் மாதிரி ஒன்று மிஞ்சும், அதுதான் சாறு. அதைப் பல அளவுகளில் கரைத்து, அந்தப் பெண் புழுக்களிலிருந்து எடுத்த முட்டையோடு சோதனைத் தட்டின் குழிகளில் ஊற்றி, 48 மணி நேரம் கழித்து எத்தனை முட்டை பொரிந்தது என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றிய குழி, கரைப்பான் மட்டும் ஊற்றிய குழி, தெரிந்த மருந்து ஊற்றிய குழி எல்லாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பெரும்பாலான ஆசைகள் உடைவது இங்கேதான். அல்பென்டசோல் வகையைச் சேர்ந்த தயாபென்டசோல் மருந்து மில்லிக்கு 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே, எதிர்ப்பு வராத புழுவின் முட்டைகள் அநேகமாகப் பொரிவதில்லை. மில்லிக்கு ஒரு மில்லிகிராம் போட்டால்தான் ஒரு சாறு வேலை செய்கிறது என்றால், அது பத்தாயிரம் மடங்கு. அவ்வளவையும் ஆட்டின் வயிற்றில் எப்படிச் சேர்ப்பது? சேர்த்தாலும் பெருவயிற்றின் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடலாம். நஞ்சு வேறு இருக்கிறது. குடற்புழுவுக்குப் பேர்போன ஆடுதீண்டாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். ஆயா கொடுத்த மருந்து பலிக்கவில்லை என்று தன் கையாலேயே எழுத நேர்ந்தால் உங்கள் மகள் எழுதுவாளா? மதிப்பெண்ணைவிட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சரி, படிப்புக்கு வருவோம். என் முதல் தேர்வு கால்நடை மருத்துவம். பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு நீட். முடித்ததும் டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் ஆகலாம், இல்லையென்றால் ஒட்டுண்ணியியலில் முதுநிலைக்குப் போகலாம். புழு, ஆடு, மருந்து மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான். அடுத்தது மருந்தியல் பட்டமான பி.பார்ம்: நான்கு ஆண்டு, அப்புறம் ஜிபேட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.பார்ம். பி.எஸ்சி. விலங்கியல் செலவு குறைவு, ஆனால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதியை வாங்கியே ஆக வேண்டும்; வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. நோயாளியைப் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் சித்தா. அதற்கு நீட் கட்டாயம்.

ஆராய்ச்சிக்கு இடம் தேடும்போது "எந்தப் புழுவில் சோதிக்கிறீர்கள்?" என்று அவள் கேட்க வேண்டும். மருந்தியல் கல்லூரிகள் பலவற்றில் மண்புழுவை வைத்தே முடித்துவிடுகிறார்கள். சுலபமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் மண்புழு ஒட்டுண்ணியே அல்ல. பழகிக்கொள்ள அது போதும், முனைவர் பட்டத்துக்குப் போதாது. ஆட்டுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம் வரை போகிற இடமா, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குகிறார்களா என்பதையும் விசாரிக்கட்டும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன், உங்கள் ஆட்டுப் புழுக்கையைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துக்கொண்டு மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அவளோடு போய் வாருங்கள். முட்டை எண்ணுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள். நாற்றம் பிடிக்காமல் பாதியில் வெளியே வந்துவிட்டால், ஐந்தரை வருடப் படிப்புச் செலவு மிச்சம்.