கனடாவில் சட்டப்படி குடியேற என்னென்ன வழிகள்? 31 வயது, பி.இ., 5 வருட அனுபவம், திருமணமாகவில்லை. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் கேட்டல் 7.5, மற்றவை 6.5. ஏஜென்ட் தேவையா?

ஏஜென்ட் தேவையில்லை. நானும் என் மனைவியும் கோவையில் உட்கார்ந்து நாங்களே விண்ணப்பித்து 2019இல் இங்கே வந்து இறங்கினோம்.

உங்களைப் போன்றவர்களுக்கு நேர்வழி, திறன் உள்ளவர்களை நிரந்தரமாகக் குடியேற்றும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடா அரசின் முறை. 2015 ஜனவரியில் தொடங்கியது. வயது, படிப்பு, மொழி, அனுபவம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, 1200க்கு இவ்வளவு என்று வரிசையில் நிறுத்துவார்கள். மேலே இருப்பவர்களுக்கு அவ்வப்போது அழைப்பு வரும். வந்த பிறகு 60 நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் போட்டுவிட வேண்டும்.

நீங்கள் கொடுத்த விவரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 99, நான்கு வருடப் பட்டத்துக்கு 120, ஆங்கிலத்துக்கு 92. படிப்பும் அனுபவமும் ஆங்கிலத்தோடு சேரும்போது கிடைப்பது 38. மொத்தம் 349. இப்போது இதையே கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 என்று ஆக்குங்கள். 418! தேர்வில் ஒவ்வொரு திறனிலும் வெறும் அரைப் புள்ளிதான், ஆனால் 69 மதிப்பெண் ஏறுகிறது. ஆங்கிலம் உயர்ந்தால் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுப்பதுதான் காரணம். லட்சக்கணக்கில் பணம் கட்டத் தயாராக இருப்பவர்கள்கூட இரண்டாவது முறை தேர்வு எழுதத் தயங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனசே கேட்பதில்லை.

ஆனால் 418ம் போதாது. நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் 440ஐ ஒட்டி இருந்தாலே அழைப்பு வந்தது. இப்போது பொதுவாக 500ஐத் தாண்டுகிறது. அதனால் மேலே ஏற இன்னொரு படி வேண்டும். ஒன்று, ஏதாவது ஒரு மாகாணம் உங்களைப் பரிந்துரைப்பது. அதற்கு மட்டும் 600 மதிப்பெண். இன்னொன்று பிரெஞ்சு. கனடாவின் பிரெஞ்சு மொழி அளவுகோலில் நான்கு திறனிலும் ஏழாம் நிலையைத் தொட்டால் உங்களுக்கு 62 கூடும். அதைவிட முக்கியம், 2023இலிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனியாக அழைக்கிறார்கள், அந்த அழைப்பு 400ஐ ஒட்டியும் இறங்கியிருக்கிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்றுத்தரும் அலையான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டியிருக்கும், ஆனால் உழைப்புக்குப் பலன் உண்டு.

மாணவர் விசாவில் போய்ப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். படிப்பு முடிந்தபின் கிடைப்பது அதிகபட்சம் மூன்று வருட வேலை அனுமதி, பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை அல்ல. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று பார்க்காமல் சேர்ந்தால் அந்த அனுமதிகூடக் கிடைக்காமல் போகலாம். வீட்டை அடகு வைத்து வந்து தவிக்கும் பிள்ளைகளை நான் நேரில் பார்க்கிறேன்.

கனடாவில் இருக்கும் கணவனோ மனைவியோ ஸ்பான்சர் செய்வது தனி வழி, அதில் மதிப்பெண் கிடையாது. அகதிக் கோரிக்கையும் சட்டப்படியான வழிதான். 1983க்குப் பிறகு உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இலங்கையிலிருந்து வந்த நம் மக்கள் பலருக்கு அதுதான் வாழ்வு கொடுத்தது. வேலைக்காக வருகிறவர்கள் அதைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி ஏஜென்ட் விஷயம். முதலில் நானும் ஒருவரிடம் முன்பணம் கட்டினேன். ஒன்றரை வருடம் இழுத்தடித்துவிட்டு, நான் பார்க்காத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் தயார் செய்யலாம் என்றார். மறுத்துவிட்டு வெளியே வந்தேன், பணம் திரும்பவில்லை. பொய்ச் சான்று பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. உதவி வேண்டுமென்றால் உரிமம் பெற்ற ஆலோசகரையோ வழக்கறிஞரையோ மட்டும் பாருங்கள். வேலை உத்தரவு வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நகர்ந்துவிடுங்கள். அதற்கான கூடுதல் மதிப்பெண்ணை 2025 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள்.

கைவசம் காட்ட வேண்டிய பணம் ஒருவருக்கே 15,000 கனடா டாலருக்கு மேல். கடன் வாங்கிக் காட்டக்கூடாது.

30இலிருந்து 40 வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்தாறு மதிப்பெண் குறையும். அடுத்த பிறந்தநாளில் உங்கள் 99, 94 ஆகிவிடும். அதனால் தேர்வுக்குத் தயாராகும்போதே கல்விச் சான்று மதிப்பீட்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். என் மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பீடு செய்யும் நிறுவனத்துக்குப் போய்ச் சேரவே மூன்று மாதம் ஆனது.