கருப்புத் திரை சந்தேகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் டெர்மினல் (கமாண்டு அடிக்கும் கருப்புத் திரை) பாஸ்வேர்டு கேட்கிறது. அடித்தால் ஒரு எழுத்துகூட விழவில்லை. கீபோர்டு போய்விட்டதா?

பதில்: இல்லை, நீங்கள் அடிப்பது உள்ளே போகிறது. எத்தனை எழுத்து என்பதுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் காட்டுவதில்லை. முழுவதும் அடித்து என்டர் தட்டுங்கள்.

கேள்வி: போன வாரம் கொடுத்த நீளமான கமாண்டு ஒன்று வேண்டும். மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டி அலுத்துவிட்டது.

பதில்: கன்ட்ரோல், ஆர் சேர்த்து அழுத்தி, நினைவில் இருக்கும் ஒரு துண்டை அடியுங்கள். அது கடைசியாக வந்த வரி நிற்கும். அது இல்லையா, மறுபடி அதே கன்ட்ரோல் ஆர். என்டர் தட்டினால் உடனே ஓடிவிடும். திருத்த வேண்டுமானால் வலது அம்புக்குறி.

கேள்வி: அண்ணா, ஒரு ஃபோல்டரில் ஜேபிஜி படங்களை மட்டும் அழிக்க ஆர்எம் (rm, ஃபைலை அழிக்கும் கமாண்டு) கொடுத்தேன். எல்லா ஃபைலும் போய்விட்டது, குப்பைத்தொட்டியிலும் இல்லை.

பதில்: முதலில் அந்த டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள், புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். அழிந்த இடத்தில் வேறு எதுவும் ஏறாத வரைதான் மீட்பு மென்பொருளுக்கு வாய்ப்பு. எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் அதுவும் குறைவு. பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள்.

'rm *.jpg' என்று அடிக்கும்போது நட்சத்திரக் குறிக்கும் (எந்தப் பெயரும் என்று பொருள்) புள்ளி ஜேபிஜிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி விழுந்தால் நட்சத்திரம் தனிச் சொல் ஆகிவிடும். தனி நட்சத்திரம் என்றால் ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைலும். ஆர்எம் குப்பைத்தொட்டி வழியாகப் போவதும் இல்லை. இனி அதே வரியை முதலில் ஆர்எம்முக்குப் பதில் எல்எஸ் (ls, பட்டியல் காட்டும் கமாண்டு) போட்டு ஓட்டுங்கள். எவை அழியப் போகின்றன என்று பட்டியல் வரும். சரியாக இருந்தால் மேல் அம்புக்குறி தட்டி, எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம் என்று மாற்றுங்கள். தயவுசெய்து இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸில் ஒன்றைக் காப்பி செய்தால் முந்தையது போய்விடுகிறதே?

பதில்: விண்டோஸ் கீயும் வி-யும். முதல் முறை ஆன் செய்யச் சொல்லும். அப்புறம் காப்பி செய்ததில் கடைசி 25 வரை நிற்கும். ரீஸ்டார்ட் செய்தால் அழியும், அந்தப் பட்டியலில் 'பின்' (pin) குத்தி வைத்தவை மட்டும் தங்கும்.

கேள்வி: டெர்மினல் திடீரென உறைந்துவிடுகிறது. மூடித்தான் திறக்கிறேன்.

பதில்: சேவ் செய்யும் பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தியிருப்பீர்கள். டெர்மினலில் அதற்கு 'நிறுத்து' என்று பொருள். கன்ட்ரோல் க்யூ அழுத்துங்கள், விட்ட இடத்திலிருந்து ஓடும். நடுவில் பதற்றத்தில் வேறு எதையும் தட்ட வேண்டாம்; தட்டியதெல்லாம் மொத்தமாக வந்து விழும்.