புளியங்கொட்டையை வைத்து மூச்சை எண்ணலாம்

கேள்வி: என் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் சளி, இருமல் வந்து நான்காம் நாள் இறந்துவிட்டான். மூன்றாம் நாள் இரவே நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. எனக்குப் பயமாக இருந்தது. விடியட்டும் என்றார்கள். இப்போது இரண்டாவது மகளுக்கு ஐந்து மாதம். அடிக்கடி விக்கல், தும்மல். பால் கக்குகிறாள். மலம் சில நாள் பச்சையாகப் போகிறது. தூங்கும்போது தொண்டையில் கரகரவென்று சத்தம். கணவர் கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டு நாளுக்கு ஒரு நோயின் பெயர் சொல்கிறார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் படிப்பு இல்லாததால்தான் பிள்ளை போனான் என்கிறார்கள். ஊர்ப் பள்ளியில் பெரியவர்களுக்கு மாலையில் எழுத்து சொல்லித் தருகிறார்கள். அங்கே போனால் இவளையாவது காப்பாற்றிவிடுவேனா? (இதைப் பக்கத்து வீட்டு மாணவி எழுதித் தருகிறாள்.)
– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அந்தக் குழியை நீங்கள் பார்த்தீர்கள், அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை மேலே படிக்கவிடாமல் நிறுத்திய வரி அதுதான். குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால் நுரையீரல் திணறுகிறது என்று பொருள். சளி இருமலோடு வந்தால் நுரையீரல் தொற்றான நிமோனியாவாக இருக்கக்கூடும். மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் வார்டில் நிற்க வைத்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. யாரும் சொல்லித் தராமல், இரவு விளக்கு வெளிச்சத்தில், நீங்கள் அதைக் கண்டுகொண்டீர்கள். அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் பயத்தைக் காது கொடுத்துக் கேட்கவும் அன்று வீட்டில் ஆள் இல்லை. படிக்காத தாயால் பிள்ளை போனான் என்று இனி யாராவது சொன்னால், இந்தப் பத்தியை அவர்கள் முன்னால் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

மற்றவற்றை முடித்துவிடுகிறேன். விக்கலும் தும்மலும் இந்த வயதுக் குழந்தைகளுக்கு இயல்பு. பால் கக்கினாலும் எடை ஏறிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம். பச்சை மலமும் அப்படித்தான். நன்றாகப் பால் குடித்து, விழித்திருக்கும்போது கைகால் உதைத்துச் சிரிக்கிற குழந்தையின் தொண்டையில் கேட்கும் கரகரப்புக்கு மருந்தே தேவையில்லை. உங்கள் கணவரிடம் அந்த வீடியோக்களை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பார்வையாளர் எண்ணிக்கைக்காகப் பெற்றவர்களைப் பயமுறுத்துகிறவர்கள் உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அல்லர்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது மூச்சை. குழந்தைக்குச் சளியோ இருமலோ வந்தால், அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிட்டு வயிற்றையும் விலாவையும் பாருங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கணவர் கடிகாரத்தில் முழுதாக ஒரு நிமிடம் பார்க்கட்டும். நீங்கள் பத்து மூச்சுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வையுங்கள். நிமிடம் முடிவதற்குள் ஐந்தாவது கொட்டையை வைத்துவிட்டீர்கள் என்றால், அதாவது 50 அல்லது அதற்கு மேல் வந்தால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை இதுதான் கணக்கு. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. அந்தக் குழி விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலோ, உதடு நீலமானாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

கொட்டையை எண்ணுவதா என்று யாரும் சிரிக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்கு மணிகள் கோத்த ஒரு சட்டத்தைக் கொடுத்து இப்படித்தான் மூச்சை எண்ணக் கற்றுக் கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். கடைசி மணி சிவப்பு. அதைத் தொட்டுவிட்டால் நிமோனியா என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குவார்கள். அந்தக் கிராமங்களில் குழந்தைச் சாவு குறைந்ததை 1990இல் அவர்கள் வெளியிட்டபோது, படித்த மருத்துவர்கள் பலருக்கும் அது பாடமாக இருந்தது.

இன்னொன்றையும் கோபத்தோடுதான் சொல்கிறேன். மருந்துக் கடையில் "சளிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்துக் குழந்தைகள் இறந்தது நாடறியும். நல்ல மருந்தாகவே இருந்தாலும், இருமலை அடக்கும் சிரப் கைக்குழந்தைக்கு உதவாது. போன முறை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைக் கலக்கிக் கொடுப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுக்கப் போவது, சாம்பிராணிப் புகை காட்டுவது எல்லாம் குழந்தையின் மூச்சுக்கு எதிரிகள். இவற்றில் கழியும் இரண்டு நாளில்தான் நிமோனியா முற்றுகிறது.

இப்போது மாலை வகுப்புக்கு வருகிறேன். போங்கள். இந்த வாரமே போங்கள். எழுத்து கற்ற தாயின் குழந்தை பிழைப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. எழுத்தோடு சேர்ந்து வருவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நேபாளத்தில் மக்வான்பூர் என்ற மலை மாவட்டத்தில் கிராமத்துப் பெண்களை மாதம் ஒருமுறை உட்கார வைத்து, பேறுகாலத்திலும் பச்சிளங்குழந்தைக்கும் என்ன ஆபத்து வருகிறது, நாம் என்ன செய்யலாம் என்று பேச வைத்தார்கள். அந்தப் பெண்கள் அவசரத்துக்குப் பணம் சேர்த்து வைத்தார்கள், நோயாளியைத் தூக்கிச் செல்லத் தூளி ஏற்பாடு செய்தார்கள். அப்படிக் கூடிய பகுதிகளில் பிறந்த முதல் மாதத்துக் குழந்தைச் சாவு, கூடாத பகுதிகளைவிட 30 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. நடு இரவில் யார் கூட வருவார், வண்டி எங்கே என்பதை முன்பே பேசி வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் அன்று பேசி வைக்காமல் போனதும் அதுதான்.

உங்கள் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது குவாரியில் கல் உடைத்த கையோடு பெண்கள் மாலையில் எழுத்து கற்க வந்தார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அன்றைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் போனதை இன்றும் ஊர்களில் சொல்வார்கள். கைப்பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போக இன்னொருவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாத நிலை சிறிய விஷயமா?

உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள். தந்தையின் படிப்பும் குழந்தையைக் காக்கிறது. 2021இல் உலகம் முழுவதும் திரட்டிய ஆய்வுகளில், தாய் 12 ஆண்டு படித்தால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இறப்பு அபாயம் 31 சதவீதமும், தந்தை அதே அளவு படித்தால் 17 சதவீதமும் குறைவது தெரிந்தது. மாமியாருக்கும் ஒருநாள் அந்தக் குழி எப்படி இருக்கும் என்று கையால் காட்டிக் கொடுங்கள். "விடியட்டும்" என்று சொல்லும் இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பாடம் முதலில் வேண்டும்.

வகுப்பில் எழுத்து கூட்டத் தொடங்கியதும் முதலில் மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் படியுங்கள். நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் போட்டிருக்க வேண்டும். அட்டையில் அந்த இரண்டு தேதியும் இல்லையென்றால் கிராம சுகாதார செவிலியரிடம் உடனே கேளுங்கள். மூன்றாவது ஊசி ஒன்பது மாதம் நிறைந்ததும். அதைப் போட்ட பிறகு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தத் தேதி உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும்.