கூகுள் டிரைவில் வீட்டுக் காகிதங்கள்: கேள்வி பதில்

கே: சார், நான் பெரிதாக எதுவும் ஏற்றவில்லை. ஆனாலும் 15 ஜிபி நிறைந்துவிட்டது என்கிறதே?

ப: அந்த 15 ஜிபி டிரைவ், ஜிமெயில், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. சுருக்கிய படங்கள் கணக்கில் வராத காலம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு போச்சு. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் இதில்தான் விழுகிறது. உங்கள் விஷயத்தில் அதுதான் என்று நினைக்கிறேன், குடும்பக் குழுவின் காலை வணக்க வீடியோக்கள் சும்மாவா. பேக்கப் அமைப்பில் வீடியோவை நிறுத்துங்கள். டிரைவில் சேமிப்பகம் பக்கத்தைத் திறந்தால் பெரிய ஃபைல்கள் மேலே நிற்கும், வேண்டாததை அழித்துவிட்டுக் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் 30 நாள் அங்கே கிடந்து இடத்தைப் பிடிக்கும்.

கே: ஃபோட்டோஸில் எல்லாம் ஏறியாச்சு. போனில் அழிக்கலாமா?

ப: ஃபோட்டோஸ் செயலிக்குள் போய் அழித்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். போனில் மட்டும் அழிக்க, இடத்தைக் காலியாக்கும் பட்டன் அதிலேயே தனியாக இருக்கிறது. அதைத் தொடும் முன் ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். ஒரே இடத்தில் இருந்தால் அது பேக்கப் இல்லை.

கே: ஆதார், மார்க் ஷீட்டை டிரைவில் வைக்கலாமா அண்ணா?

ப: அரசின் டிஜிலாக்கர் செயலி இருக்கும்போது எதற்கு? அதில் துறையே வழங்கும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது. டிரைவில்தான் வைப்பேன் என்றால் ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று மட்டும் திறந்து வைக்காதீர்கள். அந்த லிங்க் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது.

கே: ஃபோல்டர் எல்லாம் பழைய கதை. தேடினால் வந்துவிடுகிறது, எதற்கு அடுக்க வேண்டும்?

ப: என்னவென்று தேடுவீர்கள்? வாட்ஸ்அப்பில் வந்த பட்டா ‘ஐஎம்ஜி’, எட்டு இலக்கத் தேதி, ‘டபிள்யூஏ0007’ என்ற பெயரில் கிடக்கும். ஸ்கேனர் செயலி வைக்கும் பெயர் அதைவிட மோசம்.

கே: படத்துக்குள் இருக்கும் எழுத்தையே அது படிக்கிறதே சார். நீங்கள்தான் பழைய ஆள்.

ப: படிக்கும், தெளிவான அச்சாக இருந்தால். கையெழுத்துப் பத்திரத்தை, மடிப்பு விழுந்த ஜெராக்ஸைப் போட்டுப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டு சிக்னல் இல்லாத போனில் தேடும்போது தெரியும். ஃபோல்டர் ஐந்தாறு போதும், அதில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் வைத்தே ஆகவேண்டும்: ‘2023-04-12 வில்லங்கச் சான்று அம்மா வீடு’. ஆண்டு முதலில் வந்தால் ஃபைல்கள் தானாகத் தேதி வரிசையில் நிற்கும். ‘12-04-2023’ என்று வைத்தால் எல்லா வருஷத்துப் பன்னிரண்டாம் தேதியும் ஒன்றாகக் குவியும்.

கே: அப்படியென்றால் தமிழ் ஸ்கேனை எழுத்தாக மாற்ற முடியாதா?

ப: நல்ல கேள்வி. அச்சான பக்கம் என்றால் ஏற்றிவிட்டு, கணினியில் வலது கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறங்கள். மேலே படம், கீழே எழுத்து. தமிழ் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கு இந்த வழியைத்தான் பெரிதும் பயன்படுத்தினார்கள். பிழை திருத்த உட்கார வேண்டும், செய்தித்தாள் போலப் பக்கம் இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்தால் குழப்பும்.

கே: என் 15 ஜிபி நிறைந்துவிட்டது, என்ன செய்வது?

ப: முதல் கேள்வி.

கே: சார், ஸ்டோரேஜ் ஃபுல் என்று வருகிறது...

ப: முதல் கேள்வியைப் படித்துவிட்டு வாங்க, ப்ளீஸ்.

கே: வேறு எங்கே இலவசமாக அதிகம் கிடைக்கும்?

ப: ஒன்டிரைவ் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. நாலு இடத்தில் நாலு கணக்கு தொடங்கிக் கடவுச்சொல்லை மறப்பவர்கள்தான் அதிகம். இருக்கும் கணக்கில், கடவுச்சொல் மறந்தால் மீட்கக் கொடுத்த போன் எண் பழைய சிம்மா என்று முதலில் பாருங்கள்.

கே: அப்பா கணக்கை இப்போது யாரும் திறப்பதில்லை. அப்படியே இருக்குமா?

ப: இருக்காது அக்கா. இரண்டு வருஷம் தொடாத கணக்கை கூகுள் நீக்கலாம், உள்ளே இருப்பதும் சேர்ந்து போகும். கடவுச்சொல் தெரிந்தால் இன்றே உள்ளே போய் இறக்கிவிடுங்கள், டேக்அவுட் என்ற வசதியில் மொத்தமாக வரும். உங்கள் கணக்கில் ‘செயல்படாத கணக்கு மேலாளர்’ அமைப்பில் வீட்டில் ஒருவர் பெயரைச் சேருங்கள். எத்தனை மாதம் கணக்கைத் தொடாவிட்டால் அவருக்குத் தகவல் போக வேண்டும் என்று மூன்று மாதத்திலிருந்து 18 மாதம் வரை கெடு வைக்கலாம்.