ஊட்டிக்கு முன்பே குன்னூரில் இறங்கிவிடுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். மே மாதம் முதன்முறையாக ஊட்டிக்குச் செல்ல எண்ணியுள்ளோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 67 வயதான அம்மா என ஐந்து பேர். அம்மாவுக்கு வீசிங் தொந்தரவும் மூட்டுவலியும் உண்டு. வேன் பிடித்து மூன்று நாட்களில் ஊட்டி, கொடைக்கானல் இரண்டையும் பார்த்துவிட முடியுமா? ஸ்வெட்டர்கள் நிறைய வாங்க வேண்டுமா?

பதில்: கொடைக்கானலை இந்த முறை விட்டுவிடுங்கள். ஊட்டியிலிருந்து அங்கு செல்ல ஒரு மலையை இறங்கி, சமவெளியைக் கடந்து, இன்னொரு மலையை ஏற வேண்டும். ஒரு பகல் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். சென்னையிலிருந்து ஊட்டிக்கே சாலை வழியாக ஏறத்தாழ 550 கிலோமீட்டர் என்பதால், உங்கள் திட்டப்படி சென்றால் மலையைவிட வேனின் இருக்கையைத்தான் அதிகம் அனுபவிப்பீர்கள்.

என்னென்ன இடங்களைப் பார்ப்பது என்பதைவிட, எவ்வளவு உயரத்தில் இரவு தங்குவது என்பதே உங்கள் குடும்பம் முதலில் முடிவு செய்ய வேண்டியது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். கடற்கரையை ஒட்டி வாழ்ந்து பழகியவர்களுக்கு முதல் நாள் லேசான தலைவலியும், படியேறும்போது மூச்சு வாங்குவதும் வரக்கூடும். நலமாக இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயமன்று. ஆனால் குளிர்ந்த காற்று வீசிங்கைத் தூண்டிவிடும் என்பதால், சுமார் 1,850 மீட்டரில் உள்ள குன்னூரில் தங்கி, ஊட்டிக்குப் பகலில் மட்டும் சென்றுவருவது அம்மாவுக்கு ஏற்றது. புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் காட்டி ஆலோசனை பெறுங்கள். இன்ஹேலரைத் துணிப் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

வேனுக்குப் பதிலாக நீலகிரி எக்ஸ்பிரஸைப் பரிந்துரைக்கிறேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். இரவு படுத்துறங்கினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து 7.10 மணிக்கு மலை ரயில் புறப்படும். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பதித்த, பற்கள் கொண்ட சட்டத்தைப் பிடித்தபடி ஏறும் இந்த ரயில், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. வேகம் மிகக் குறைவு என்பதால் பிள்ளைகளுக்கு வாந்தி வருவதற்கும் வாய்ப்புக் குறைவு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்கும், இடங்களோ விரைவில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அரசுப் பேருந்தில் ஏறிவிட்டு, குன்னூர்–ஊட்டி இடையிலான பயணத்தையாவது ரயிலில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் ஏறும் முன் வயிறு நிறைய உண்ண வேண்டாம், இரண்டு இட்லி போதும். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் கைபேசியைப் பார்க்காமல் வெளியே பார்த்து வரட்டும்.

மே மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலர்க்கண்காட்சி நடப்பது அப்போதுதான். 1848-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் பூக்களைவிடத் தலைகளே அதிகம் தெரியும் என்பது என் அனுபவம். காலாண்டு விடுமுறை வரை பொறுக்க முடிந்தால், அங்குள்ளவர்கள் ‘இரண்டாம் சீசன்’ என்றழைக்கும் அந்த நாட்கள் நிதானமானவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் வேண்டாம். மண்சரிவால் மலை ரயில் ரத்தாவது அப்போது வழக்கம். மே மாதமேதான் என்றால் திங்கள் முதல் வியாழனுக்குள் செல்லுங்கள். சொந்த வாகனத்திலோ வாடகை வேனிலோ சென்றால் இ-பாஸ் பெற வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் உள்ளது. அரசுப் பேருந்தில் செல்வோருக்கு அது தேவையில்லை.

ஸ்வெட்டருக்குப் பெரிதாகச் செலவு செய்யாதீர்கள். கோடையில் பகல் வெயில் இதமாகவே இருக்கும், ஆனால் சூரியன் சாய்ந்ததும் குளிர் சட்டென்று இறங்கும். எனவே ஒரே தடித்த உடையைவிட, பனியன், முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர் என்று அடுக்கி அணிவதே வசதி. வேண்டாதபோது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஆளுக்கொரு ஸ்வெட்டரும், அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு சால்வையும் காலுறையும் வாங்கினால் போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ளதால் எவர்சில்வர் பாட்டில்களை எடுத்துச் செல்லுங்கள்.

அறை பதிவு செய்யும்போது வெந்நீர் எந்நேரமும் வருமா என்பதோடு, வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படிகள் என்றும் கேளுங்கள். சரிவில் கட்டிய விடுதிகளில் ‘தரைத்தளம்’ என்பதே முப்பது படிகளுக்குக் கீழே இருக்கலாம். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; உறங்குபவர்கள் உறக்கத்திலேயே இறந்துவிடுவார்கள். கூடுதல் கம்பளி கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் குன்னூரில் ஓய்வும் மாலையில் சிம்ஸ் பூங்காவும், இரண்டாம் நாள் ஊட்டி, மூன்றாம் நாள் கோத்தகிரி வழியாக இறங்கி மேட்டுப்பாளையத்தில் இரவு ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு வானம் தெளிவாக இருந்தால் மட்டும் செல்லலாம். அம்மா அங்கு வராமல் ஊட்டி தாவரவியல் பூங்காவிலேயே அமர்ந்திருப்பது நல்லது. கோத்தகிரிப் பாதையில் இறங்க வாடகை வண்டி அமர்த்தினால், மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய உள்ளூர் ஓட்டுநரையே கேட்டு வாங்குங்கள்; அவர் பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல், ஏறும்போது போடும் கியரிலேயே இறக்குவார்.